உக்கிராணத்துச் சாவி



கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதீர்கள். சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கள் சபையில் புதுக் கோபுரத்துக்குத் தொகை எழுதும் நோட்டு சுற்றி வந்தது. முதல் பக்கத்தில் முதல் வரியை எனக்காகக் காலியாக விட்டு வைத்திருந்தார்கள். மரியாதைதான். நான் அந்த வரியைத் தாண்டி ஐந்தாவது வரியில் ஐயாயிரம் ரூபாய் என்று எழுதி, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சபையார் ஒருவர்' என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே நாத்தனார் மகன் திருச்சியிலிருந்து போன். "என்ன அத்தை, பென்ஷன் வருது, ஆறு மா நிலம் இருக்கு, மாமா பேருக்காவது நல்லாச் செஞ்சிருக்கக் கூடாதா?" கோயில் வாசலிலும் இதே பேச்சு என்று காதுக்கு வந்தது. ஆளாளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. வகுப்பில் ஒரே சந்தேகத்தை நாலு பேர் கேட்டால் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவேன். இதுவும் அப்படித்தான்.

என் மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. அவர்களுக்காக ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வேதாகமத்தில், எஜமானுடைய சொத்தை நம்பி ஒப்படைக்கப்பட்ட ஆளுக்கு 'உக்கிராணக்காரன்' என்று பெயர். பணத்தையும் பொருளையும் கடவுள் கொடுத்து வைத்த சொத்தாக நினைத்துச் செலவழிப்பதற்கு 'உக்கிராணத்துவம்' என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். வேறு ஊர்க்காரர்களுக்கு இந்தச் சொல் வாயில் நுழையாது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம். கல்யாண வீட்டில் மளிகைச் சாமானும் காய்கறியும் நெய் டின்னும் பூட்டி வைக்கிற அறைதானே உக்கிராணம்? அதன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சமையற்காரர் கேட்கக் கேட்க அளந்து போடுகிற ஒரு சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்.

எங்கள் சித்தப்பாவும் அப்படித்தான். முந்திரிப் பருப்பில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்ள மாட்டார். ஆனால் ஒரு கல்யாணத்தில் அவரே பெரிய பேச்சு வாங்கினார். நெய்யை இழுத்துப் பிடித்துப் பிடித்துக் கொடுத்து, கடைசிப் பந்திக்குப் பருப்பில் நெய் விழவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, 'இரண்டு டின் மிச்சம் பிடித்தேன்' என்று பெருமையாகச் சொன்னார். பெண்ணைப் பெற்றவர் கண்ணில் தண்ணீர். "மிச்சம் பிடிக்கவா உங்க கையில சாவி கொடுத்தேன்?" என்று கேட்டார். எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். திருடாமல் இருந்தால் மட்டும் நல்ல உக்கிராணக்காரன் ஆகிவிட முடியாது என்று அந்தக் கல்யாணத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

லூக்கா பதினாறாம் அதிகாரத்தில் ஓர் உக்கிராணக்காரன் கதை வருகிறது. அதில் ஒருவன் பட்ட கடன் நூறு கலம் கோதுமை. மொழிபெயர்த்தவர்கள் 'கலம்' என்று போட்டிருக்கிறார்கள் பாருங்கள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை என்று அளந்து வளர்ந்த எங்களுக்கு, எருசலேம் புதுஆற்றுக்கு அந்தக் கரையில் இருப்பதுபோலத் தோன்றும்.

இனி என் கதை. நான் ஐயாயிரத்தோடு நிறுத்தியதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது.

2017-இல் ஓய்வு பெற்றேன். முப்பத்தாறு வருடச் சர்வீஸுக்குப் பணம் மொத்தமாக வந்தது. அவ்வளவு பணத்தை நான் அதுவரை ஒரு சேரப் பார்த்ததில்லை. உங்கள் சார் காலமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் நினைவாகக் கோயிலுக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தேன். பளிங்குக் கல்லில் அவர் பெயர், என் பெயர், தேதி. கல் திறக்கிற அன்று பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன்.

அதற்கு நாலு நாள் கழித்து எங்கள் வயலில் நடவுக்கு வருகிற அம்மா வந்து கொல்லைப்புறம் நின்றது. அதன் மகள் என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். கணக்கில் கெட்டி. நர்சிங் படிப்பில் சேர்ந்து ஒரு வருடம் முடித்திருந்தாள். இரண்டாம் வருட ஃபீஸ் பதினெட்டாயிரம் குறைகிறது, அறுவடையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டது. நான் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இப்பத்தான் கோயிலுக்குக் கொடுத்தேன், கையில இல்லை." கோயிலுக்குக் கொடுத்தது உண்மை. கையில் இல்லை என்பது பொய். பாங்கில் இருந்தது. அந்த அம்மா, "பரவாயில்லை டீச்சர், சாமிக்குத்தானே கொடுத்தீங்க" என்று சொல்லிவிட்டுப் போனது.

பெண் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு இது தெரிந்தபோது மூன்று மாதம் ஆகியிருந்தது. தெரிந்த பிறகும் நான் ஒன்றும் செய்யவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த வருடம் நவம்பர் 16 விடிகாலை கஜா புயல். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த ராத்திரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னை எல்லாம் சாய்ந்து, எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. நாலாம் நாள் அந்த அம்மா மகனோடு வந்து கூரைமேல் தார்ப்பாய் போட்டுக் கட்டிக் கொடுத்தது. திருப்பூரிலிருந்து மகள் தெருவுக்கு அனுப்பியதாம். "டீச்சர் வீடும் ஓட்டு வீடுதான், அங்கேயும் ஒண்ணு போட்டுடுன்னு சொன்னா" என்றது. நீல நிறத் தார்ப்பாய். எட்டு மாதம் அதன் கீழேதான் படுத்தேன்.

பளிங்குக் கல்லுக்குப் புயலில் ஒன்றும் ஆகவில்லை.

இதை எங்கள் ஐயரிடம் சொன்னேன். நல்ல மனிதர், படித்தவர். அவர் எனக்குப் பெத்தானியாவில் தைலம் ஊற்றிய பெண்ணை ஞாபகப்படுத்தினார். விலை உயர்ந்த தைலத்தை வீணாக்கினாள், விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாஸ். இயேசு அந்தப் பெண்ணைத்தான் தாங்கிப் பேசினார். நியாயமான கேள்விதான், ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. பிறகு யோசித்தேன். அந்தப் பெண் தன்னிடம் இருந்ததை ஊற்றினாள். கொல்லைப்புறம் யாரையும் பொய் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு வந்து ஊற்றவில்லை. தைலக் குப்பியில் தன் பெயரையும் பொறித்துக்கொள்ளவில்லை.

கோயில் கட்டுவது வீண் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சுவார்ட்ஸ் ஐயரே என்னோடு சண்டைக்கு வருவார். திருச்சிக் கோட்டையில் ஒரு கோயில், தஞ்சாவூரில் ஒரு கோயில் என்று அவரும் கட்டினவர்தான். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் பணத்தைப் பற்றி ஒரு கிறிஸ்தவர் பேச முடியாது.

நான்காம் வகுப்புச் சுற்றுலாவில் உங்களைச் சிவகங்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனது ஞாபகம் இருக்கிறதா? குளத்துப் பக்கம் இருக்கிற 1779-ஆம் வருடத்துக் கோயிலில் ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பம் காட்டினேனே. படுக்கையில் ஒரு கிழவர், பக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு ராஜா. கிழவர் சுவார்ட்ஸ், ராஜா இரண்டாம் சரபோஜி. லண்டனில் பிளாக்ஸ்மன் என்ற பெரிய சிற்பியிடம் சொல்லி அதைச் செய்வித்தவர் சரபோஜிதான். நீங்கள் அப்போது குளத்தில் படகு விடுவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

சுவார்ட்ஸ் 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1798 பிப்ரவரி 13-ஆம் தேதி தஞ்சாவூரிலேயே காலமானார். நடுவில் நாற்பத்தெட்டு வருடம் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. 1779-இல் சென்னைக் கம்பெனி அரசு அவரை ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து கிளம்பும்போது ஹைதர் வழிச்செலவுக்கு முந்நூறு ரூபாய்ப் பை ஒன்றைக் கொடுத்தார். மறுத்தால் அவமரியாதை ஆகிவிடும். சென்னைக்கு வந்ததும் பையைக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தார். அவர்கள் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதைத் தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்துக்கு முதல் பணமாகப் போட்டார். ஒரு மைசூர் சுல்தானுடைய காசில் தஞ்சாவூர்ப் பிள்ளைகள் படித்தார்கள் என்பது வாத்தியார் வேலை பார்த்த எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது.

அதைவிடப் பெரிய சங்கதி அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் நடந்தது. ஹைதரின் படை டெல்டாவுக்குள் வந்துவிட்டது. மதகுகள் உடைந்தன, வயல் தரிசாகக் கிடந்தது, பஞ்சம். கோட்டைக்குள் படையும் ஜனங்களும் பட்டினி. நாட்டுப்புறத்தில் நெல் இருக்கிறது, கோட்டைக்குக் கொண்டுவர மாடு இல்லை. மாடு வைத்திருக்கிற குடியானவர்கள் வர மாட்டேன் என்கிறார்கள். ஏன்? முன்பு கூப்பிட்டபோது கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருக்கிறார்கள். ராஜா துளஜாஜியின் வாக்கு செல்லவில்லை, கம்பெனியின் வாக்கும் செல்லவில்லை. கடைசியில் ராஜா, நம் இரண்டு பேரையும் ஜனங்கள் நம்பவில்லை, பாதிரியாரை நம்புகிறார்களா பார்ப்போம் என்று, எழுதாத தாளைக் கொடுத்து அனுப்பினார். சுவார்ட்ஸ் ஊர்களுக்கு எழுதினார்: உங்கள் கூலியை என் கையாலேயே கொடுப்பேன். இரண்டு மூன்று நாளில் ஆயிரம் மாடு வந்தது. எண்பதாயிரம் கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. முடிந்ததும் சொன்னபடி எல்லாருக்கும் கூலி கொடுத்தார். கையில் போதாததற்கு, தம்மிடம் மற்றவர்கள் வைத்திருந்த பணத்தையும் எடுத்துக் கொடுத்து, மேலே சிறிது அன்பளிப்பும் சேர்த்து அனுப்பி வைத்தார்.

பிறகு ஒருமுறை வரிக் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் நாட்டை விட்டே ஓடியபோதும், அவர் பேச்சை நம்பி ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பி வந்து வயலில் இறங்கினார்கள். பிரசங்கத்தில் சுவார்ட்ஸை 'பக்தர், தியாகி' என்று சொல்வார்கள். எனக்கு அவர் கூலி பாக்கி வைக்காத மனிதர். அந்தப் பெயர் போதும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பஞ்சம் முற்றுவதற்கு முன், விலை மலிவாக இருந்தபோதே அவர் ஆயிரக்கணக்கான கலம் நெல்லை வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். அதைக் கொண்டுதான் கஞ்சி ஊற்றினார். சுவிசேஷத்தில் வருகிற மதிகெட்ட பணக்காரனும் நெல்லைத்தான் சேர்த்தான். பழைய பத்தாயத்தை இடித்துப் பெரிசாகக் கட்டுவேன் என்றான், அன்று ராத்திரியே செத்தான். இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம். பத்தாயத்தின் அளவிலும் வித்தியாசம் பெரிதாக இல்லை. திறக்கிற நாளில்தான் இருந்தது. ஆகவே சேமிக்காதே, நாளைக்கு என்று வைக்காதே என்று பேசுகிறவர்கள் பேச்சை நான் கேட்பதில்லை. உங்களுக்கும் சொல்கிறேன், பி.எஃப். பணத்தை எடுத்துக் காணிக்கைப் பெட்டியில் போடாதீர்கள். (எகிப்தில் யோசேப்பும் சேர்த்து வைத்துத்தான் பஞ்சத்தில் கொடுத்தார். ஆனால் கொடுத்துக் கொடுத்து ஜனங்களின் ஆடு மாட்டையும் நிலத்தையும் பார்வோன் பெயருக்கு எழுதி வாங்கிவிட்டார். ஞாயிறு பள்ளியில் அந்தப் பகுதியை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.)

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஓர் அணையா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு கொடுத்திருக்கிறது. இடையர் ஆட்டை வாங்கிக்கொண்டு தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாது, கிழமாகாது. அதாவது செத்த ஆட்டுக்குப் பதில் குட்டியைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது வாங்கினவன் பொறுப்பு. உக்கிராணத்துவத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. சுவார்ட்ஸ் வளர்த்த சரபோஜியும் பட்டத்துக்கு வந்த பிறகு, எங்கள் ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் மாதிரியான சத்திரங்களில் சோறு போடுவது நின்றுவிடக் கூடாது என்று கம்பெனி ரெசிடெண்டுக்கு மன்றாடிக் கடிதம் எழுதியிருக்கிறார். ராஜ்யமே கையை விட்டுப் போன நேரத்தில் சோற்றுக்காக வாதாடினார்.

எங்கள் ஆயா உலை வைக்கும்போதெல்லாம் களைந்த அரிசிக்கு முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடும். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். காஞ்சிப் பெரியவர் பிடி அரிசித் திட்டம் சொன்னார், மிசோரம் சபையில் பெண்கள் 1910 முதல் இதையே செய்து ஊழியத்தைத் தாங்கினார்கள். எல்லாம் ஒரே பிடிதான். ஆயா அதற்கு ரசீது வாங்கியதில்லை. ஆனால் தெருவில் யாராவது, "பெரியம்மா, உலைக்கு அரிசி இல்லை" என்று வந்தால், ஆயா அந்தக் கோயில் பானையிலிருந்தே அள்ளிக் கொடுத்துவிடும். "சாமிக்கு வைத்ததை எடுக்கலாமா?" என்று நான் கேட்டதற்கு, "சாமிதான்டி அனுப்பியிருக்கு" என்றது. ஐயரிடம் கேட்க வேண்டிய விஷயம் என்றே அதற்குத் தோன்றவில்லை.

ஆனால் எங்கள் வீட்டையும் ஒரேயடியாக உயர்த்திப் பேசக் கூடாது. எனக்கு ஒன்பது வயது. 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் ராத்திரி, கீழ்த்தஞ்சையில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் நாற்பத்து நாலு பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டதிலும் செங்கொடிச் சங்கத்தில் நின்றதிலும் வளர்ந்த பகை. நாங்கள் அதிரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ராத்திரி. அப்பா பேப்பரைப் படித்துவிட்டு அன்று யாரோடும் பேசவில்லை. அந்தத் தை அறுவடையில் கூலி அளக்கும்போது மரக்காலைத் தலைதட்டாமல் குவித்து அளந்தார். களத்தில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு வருடம்தான். அடுத்த தையில் பழையபடி தலைதட்டித்தான் அளந்தார். அப்பா தசமபாகம் தவறாமல் கொடுத்தவர். பத்தில் ஒரு பங்கு கோயிலுக்கு ஒழுங்காகப் போனது. மரக்காலின் தலையில் குவிந்திருக்க வேண்டிய நெல்லும் அந்தப் பத்துப் பங்குக்குள்ளேதான் இருந்திருக்கும், இல்லையா? அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பதினெட்டாயிரத்தை அவருடைய மகள்தானே இல்லை என்று சொன்னாள்.

அதனால் என் அபிப்பிராயம் இது. சபைகளில் தசமபாகத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு மிச்சம் ஒன்பது பாகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. வேலைக்கார அம்மாவுக்கு மாதச் சம்பளம் ஏழாம் தேதிக்குத் தள்ளிப் போகிறது, காணிக்கைக் கவர் முதல் ஞாயிறே போய்விடுகிறது. கூலியாளின் கூலி பொழுது சாய்வதற்குள் கைக்குப் போக வேண்டும் என்று மோசேயின் சட்டத்திலேயே இருக்கிறது, அதற்கு ஒரு பிரசங்கம் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது! யூடியூப்பில் நூறு மடங்கு திரும்ப வரும் என்று சொல்லி ஜிபே நம்பர் காட்டுகிறவர்களுக்கு அனுப்பாதீர்கள். நூறு மடங்கு வட்டி தருகிறேன் என்று ஒரு சீட்டுக் கம்பெனிக்காரன் சொன்னால் போலீஸுக்குப் போவீர்கள்தானே? கடன் இருக்கிற குடும்பத்திடம் சபை தொகை கேட்கக் கூடாது, முதலில் கடனை அடைக்கச் சொல்ல வேண்டும். வரவு செலவுக் கணக்கைக் கோயில் கதவில் ஒட்ட வேண்டும். இதை எங்கள் ஐயரிடம் சொல்லிவிட்டேன். கோபுரக் கணக்கை மாதாமாதம் ஒட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் தாள் ஒட்டியும் ஆயிற்று. கம்பி விலையைப் பார்த்துச் சபையே பேசுகிறது, அதுவே நல்ல காரியம்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். ஆறு மாவும் என் அப்பா வழியில் எனக்கு வந்தது. மகன் சிங்கப்பூரிலிருந்து, மனை போடுகிறவர்கள் கேட்கிறார்கள், விற்றுவிட்டுத் தஞ்சாவூரில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இரும்மா என்கிறான். அவன் பேச்சில் தப்பு இல்லை. எனக்கு முட்டி வலி, வரப்பில் நடக்க முடிவதில்லை. ஆனால் சம்பா விளைகிற நிலத்தில் கல் நட என் கை வரவில்லை. ஐந்து மா பிள்ளைகள் இரண்டு பேருக்கும். வாய்க்கால் ஓரத்து ஒரு மாவை நடவுக்கு வருகிற அந்த அம்மா பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறேன் என்று முடிவு செய்திருக்கிறேன். பதிவுச் செலவும் என்னுடையது. மகன் நாலு நாள் பேசவில்லை, பிறகு பேசினான். மகள் இன்னும், "அவங்களுக்குப் பணமாக் கொடும்மா, நிலத்தை ஏன் உடைக்கிறே?" என்கிறாள். அவள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கலாம். படிப்பு போன பெண்ணுக்கு முப்பத்து மூன்று சென்ட் நிலம் ஈடாகாது என்று எனக்குத் தெரியும்.

போன வியாழக்கிழமை அந்த அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். 2017-இல் பாங்கில் பணம் இருந்தது என்பதையும் சொன்னேன். தெரியும் டீச்சர் என்றது. நிலத்துக்கு உடனே சரி என்று சொல்லவில்லை. "வரப்புல நாளைக்குத் தம்பிகிட்ட பேச்சு வாங்க முடியாது டீச்சர், மகளையும் கேட்டுக்கிட்டுச் சொல்றேன்" என்று போய்விட்டது. மகளுக்குப் பொங்கலுக்குத்தான் லீவு.

சனிக்கிழமை காலை களை எடுக்க நாலு பேரோடு அந்த அம்மா வருகிறது. அன்றன்றைய கூலி அன்றன்றைக்கு. நூறு ரூபாய்ச் சில்லறையாக மாற்றி வைத்திருக்கிறேன்.